கேரவன் குளியலறையில் சாக்கடை நாற்றம்: வழியைக் கண்டுபிடித்து அடைப்பது எப்படி

டிசம்பர் விடுமுறைக்கோ ஈஸ்டருக்கோ டர்பனிலிருந்து கேரவனை இழுத்துக்கொண்டு ஸ்காட்பர்க், மார்கேட் கடற்கரை ஊர்கள் பக்கம் போகிறவர்கள் பலருக்கும் இந்தத் தொல்லை தெரியும். இடம் பிடித்து, கேரவனை நிமிர்த்தி நிறுத்திக் கதவைத் திறந்தால் குளியலறைப் பக்கமிருந்து அழுகிய முட்டை வாடை. உடனே கை ஊதுபத்திக்குப் போகும், அல்லது ஸ்பிரேக்கு. சிலர் கடைக்கு ஓடி இன்னொரு பாட்டில் நீல மருந்து வாங்கி டாய்லெட்டில் ஊற்றுவார்கள். தயவுசெய்து இதில் எதையும் செய்யாதீர்கள். நாற்றம் இருக்கும்போதுதான் அது எந்த வழியாக வருகிறது என்று பிடிக்க முடியும். வாசனையால் மூடிவிட்டால் அந்த வழி அப்படியே திறந்திருக்கும். இரண்டு நாளில் மறுபடி நாறும். கேரவன் சின்ன இடம். நாற்றம் நுழையக்கூடிய வழிகள் அதில் ஏழெட்டுக்கு மேல் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒரே பகலில் கண்டுபிடித்துவிடலாம்.

டாய்லெட்டைத் தொடுவதற்கு முன்

சாக்கடை என்று நாம் நினைக்கும் வாடை மூன்று வேறு இடங்களிலிருந்தும் வரலாம். அதில் ஒன்று உயிருக்கே ஆபத்து. அதனால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

முதலில் கேஸ். சமையல் கேஸுக்குச் சொந்த வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று மெர்கேப்டன் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அதன் வாடை அழுகிய முட்டைகோஸ் மாதிரி இருக்கும், சாக்கடையோடு எளிதில் குழம்பும். கேஸ் காற்றைவிடக் கனம், எனவே தரையை ஒட்டித் தேங்கும். நெருப்பு பற்ற வைக்காதீர்கள், ஸ்விட்ச் எதையும் தொடாதீர்கள். எல்லாரையும் வெளியே அனுப்பி, கதவு ஜன்னல்களைத் திறந்து, சிலிண்டர் வால்வை மூடுங்கள். வாடை அடங்கியபின் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, வால்வை மெல்லத் திறந்து, ரெகுலேட்டர், ஹோஸ், இணைப்புகள் எல்லாவற்றிலும் பிரஷ்ஷால் தடவிப் பாருங்கள். குமிழ் எழும்பும் இடம்தான் கசிவு. வால்வை மூடிவிட்டுப் பதிவு பெற்ற கேஸ் இன்ஸ்டாலரைக் கூப்பிடுங்கள். கேரவன் தரையில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கசிந்த கேஸ் வெளியே இறங்குவதற்காக விட்ட வழி அது. அதன் வழியாக வெளி நாற்றம் ஏறுகிறது என்று நினைத்துச் சிலர் சிலிகான் போட்டு அடைத்துவிடுகிறார்கள். ஒருபோதும் செய்யக் கூடாது.

அடுத்தது பேட்டரி. லெட்-ஆசிட் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆனால் அதே அழுகிய முட்டை வாடை வரும். சாக்கடையிலும் பேட்டரியிலும் வருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு. கேரவனில் பேட்டரி பெரும்பாலும் கட்டிலுக்கோ இருக்கைக்கோ அடியில் இருப்பதால், குளியலறைதான் நாறுகிறது என்று தோன்றும். கரண்ட் பிளக்கைச் செருகியபின் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாடை வருகிறதா? பேட்டரி பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் கரண்டை வெளியிலேயே துண்டித்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்து ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது டெர்மினலைக் கழற்றக் கூடாது. ஒரு பொறி போதும். ஆறிய பிறகு மீட்டர் வைத்து அளக்கலாம். சாதாரணமாக சார்ஜ் ஏறும்போது 14.4 வோல்ட் அளவிலும், நிரம்பியபின் 13.6 அளவிலும் நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டி நின்றால் சார்ஜர் கெட்டிருக்கிறது. வோல்ட் சரியாக இருந்தும் பேட்டரி சூடானால் உள்ளே ஒரு செல் போய்விட்டது.

மூன்றாவது கீசர். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் மட்டும் வாடை, குளிர்நீர்க் குழாயில் இல்லை என்றால் டாய்லெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கீசருக்குள் தேங்கிய நீரில் வளரும் பாக்டீரியாதான் காரணம். துருவைத் தடுக்க வைக்கும் மெக்னீசியம் ஆனோட் கம்பி உள்ள கீசரில் இது கூடுதலாக வரும். கீசரை அணைத்து, ஆற விட்டு, முழுவதும் வடித்துவிடுங்கள். பிறகு தொட்டியின் ஒவ்வொரு 100 லிட்டர் நல்ல தண்ணீருக்கும் 150 மில்லி வாசனையில்லாத 3.5 சதவீத ப்ளீச் கலந்து, கீசர் உட்பட எல்லாக் குழாய்களிலும் ஓடவிட்டு நான்கு மணி நேரம் வையுங்கள். வடித்துவிட்டு, ப்ளீச் வாடை முழுவதும் போகும்வரை அலசுங்கள். இந்த ப்ளீச் நல்ல தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும்தான். டாய்லெட்டுக்கு அடியில் கழிவு சேரும் காசெட் தொட்டியில் ஊற்றினால் மூத்திரத்தில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும்.

எப்போது நாறுகிறது?

இந்த மூன்றும் இல்லை என்றால் பிரச்சினை கழிவுநீர்ப் பக்கம்தான். இப்போது மூக்கைவிட நேரம் அதிகம் சொல்லும்.

பல வாரம் நிறுத்தி வைத்த கேரவனைத் திறந்தவுடன் நாறினால், துளைக்கு அடியில் வாயுவைத் தடுக்கத் தண்ணீர் தேங்கும் வளைவான ட்ராப்பில் இருந்த தண்ணீர் வற்றியிருக்கிறது. நீண்ட தூரம் ஓட்டி வந்து நிறுத்தியவுடன் நாறினால், தண்ணீர் குலுங்கிச் சிந்தியிருக்கிறது. ஃப்ளஷ் செய்யும்போது மட்டும் குப்பென்று வந்தால் காசெட் அல்லது கழிவுத் தொட்டியின் காற்றுவழியைப் பாருங்கள். எப்போதும் லேசாக, ஆனால் விடாமல் நாறினால் சீல் கசிகிறது அல்லது எங்கோ மூத்திரம் ஊறியிருக்கிறது. கூரை ஃபேனைப் போட்டால் நாற்றம் கூடுகிறது என்றால் அதுவே பெரிய தடயம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நேரத்தை வைத்தும் பிடிபடவில்லையா? அடைத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. இதில் தவறு நடக்க வாய்ப்புக் குறைவு. எல்லா ஜன்னலையும் திறந்து நாற்றம் முழுவதும் போகட்டும். காசெட்டை உருவி வெளியே வையுங்கள். ஷவர் துளை, வாஷ்பேசின், சமையல் சிங்க், டாய்லெட் கிண்ணத்தின் வாய், இவை ஒவ்வொன்றின் மேலும் உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரத்தை டேப்பால் இறுக்கி ஒட்டுங்கள். பேசினில் நிரம்பி வழியாமல் இருக்க வைத்த மேல் ஓட்டையை மறந்துவிடாதீர்கள். கதவு ஜன்னல்களை மூடி, வெளியே அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்து முகருங்கள். நாற்றம் இல்லையென்றால் ஒரே ஒரு தாளை எடுத்துவிட்டு மறுபடி அரை மணி. எதைத் திறந்ததும் நாறுகிறதோ அதுதான். எல்லாம் மூடியிருந்தும் நாறினால் குழாய் இணைப்பு, சுவருக்குள் போகும் வென்ட் பைப், காசெட் அறையின் தரை, இந்த மூன்றில் ஒன்று. முகரும்போது குனிந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முகருங்கள். முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனம். நடுவே வெளியே போய் நல்ல காற்றில் மூக்கை ஆற்றிக்கொள்ளுங்கள், பழகிய மூக்கு பொய் சொல்லும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் முகரும் சக்தியே மரத்துப்போகும். கண் எரிந்தாலோ தலை வலித்தாலோ அந்த நிமிடமே வெளியே வந்துவிடுங்கள்.

காசெட்: பாதிப் புகார்கள் முடிகிற இடம்

தென்னாப்பிரிக்கக் கேரவன்களில் அதிகம் பார்ப்பது தெட்ஃபோர்ட் வகைக் காசெட் டாய்லெட்தான். வெளிப்பக்கச் சின்னக் கதவைத் திறந்து உருவக்கூடிய, 17 முதல் 20 லிட்டர் வரை பிடிக்கும் தொட்டி. அதன் வாயை மூடுவது பிளேடு என்ற நழுவும் தட்டு. தட்டைச் சுற்றி அழுத்திப் பிடிப்பது லிப் சீல் என்ற ரப்பர் வளையம். நாற்றத்துக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது இந்த ஒரு ரப்பர்தான்.

கையுறை போட்டுக் காசெட்டை உருவி, மேற்பரப்பைப் பாருங்கள். ஈரமாகவோ வாயைச் சுற்றி மஞ்சள் கறையாகவோ இருந்தால் சீல் கசிகிறது. உறுதி செய்ய, காலி செய்து கழுவிய காசெட்டைச் சமதளத்தில் வைத்து, மூடிய பிளேடின் மேல் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். அரை மணி கழித்தும் அப்படியே நின்றால் சீல் நன்றாக இருக்கிறது. இறங்கிவிட்டால் பிளேடைத் திறந்து, ரப்பரின் அடி ஓரம் முழுவதும் விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் காய்ந்த டாய்லெட் பேப்பர் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் போதாமல் ஃப்ளஷ் செய்து பிளேடை மூடுவதால் அது அங்கே சிக்குகிறது. அடுத்தது பிளேடின் மேல் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பு. கரூ என்ற வறண்ட உள்நாட்டுப் பகுதியில் போர்த் தண்ணீர் பிடித்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும். 100 கிராம் சிட்ரிக் அமிலத்தை மூன்று லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து உள்ளே விட்டு, பிளேடையும் துணியால் நனைத்துத் துடைத்து, ஒரு மணி நேரம் கழித்து நன்றாக அலசுங்கள். ப்ளீச் போட்ட எதனோடும் இதைக் கலக்கக் கூடாது.

சுத்தம் செய்த சீல் காய்ந்தபின் சிலிகான் ஸ்பிரே, அல்லது டாய்லெட் சீலுக்கென்றே விற்கும் எண்ணெய் தடவுங்கள். வீட்டில் கைக்கு வருவது வாசலினும் தேங்காய் எண்ணெயும்தான். வாசலின் பெட்ரோலியப் பொருள். ரப்பரை ஊத வைத்து மென்மையாக்கிவிடும். தேங்காய் எண்ணெய் டிராகன்ஸ்பர்க் மலைக் குளிரில் உறைந்து பிசுக்காகி, பேப்பர் துணுக்கை இன்னும் பிடித்து வைக்கும்.

ரப்பர் கடினமாகி, விரலால் அழுத்தினால் திரும்ப எழும்பாமல் இருந்தால் மாற்ற வேண்டியதுதான். அடிக்கடி பயணம் போகிறவர்களுக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு சீல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்முன் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சி-200, சி-250, சி-400 என்று மாடலைப் பொறுத்து சீல் மாறலாம். பார்வைக்கு ஒன்று போலவே இருந்தாலும் பொருந்தாமல் போகலாம். எண் பெரும்பாலும் காசெட் அறைக் கதவைத் திறந்ததும் ஸ்டிக்கரில் தெரியும். அதே நேரத்தில், ஊற்றும் குழாய் மூடியின் வாஷரையும் மாற்றிவிடுங்கள். விலை குறைவு, கசிந்தால் அதே நாற்றம்.

காசெட்டை விட்டுவிட்டு அது இருக்கும் அறையையும் பாருங்கள். தரையின் பின் மூலையில், டார்ச் அடித்தால்தான் தெரியும் இடத்தில், மூத்திரம் கசிந்து காய்ந்திருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் கழுவி, என்சைம் கிளீனர் தெளித்து, பாட்டிலில் சொன்ன நேரம் ஈரமாகவே விட்டுத் துடையுங்கள். உள்ளே டாய்லெட் அடிப்பாகம் தரையோடு சேரும் சிலிகான் கோடு, இருக்கையின் கீல், இந்த இரண்டு இடத்தையும் விடாதீர்கள். ஓடுகிற, ஆடுகிற இடத்தில் ஆண்கள் நின்று போவதுதான் இதற்குக் காரணம். உட்கார்ந்து போவது என்று வீட்டில் விதி வைத்துக்கொண்டால் இந்த வேலை பாதியாகக் குறையும்.

ட்ராப்பும் ஹோஸும்

வீட்டுச் சிங்குக்கு அடியில் வளைந்த குழாய் இருக்கிறதல்லவா, அதில் தேங்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கிறது. வீட்டில் அது 50 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்கும். கேரவன் ஷவருக்கு அடியில் அவ்வளவு உயரம் கிடையாது. அதனால் ஆழம் குறைந்த ட்ராப் வைப்பார்கள். பழைய கேரவன்கள் பலவற்றில் ட்ராப்பே இல்லாமல், வளையம் வளையமாக இருக்கும் ஹோஸ் நேராகத் தரைக்கு அடியில் போய்விடும். கீழே வைத்த வாளியின் நாற்றம் அதே ஹோஸ் வழியாக மேலே வருகிறது.

ட்ராப் இருந்தால் வைத்தியம் சுலபம்: போய்ச் சேர்ந்தவுடன் ஒவ்வொரு துளையிலும் ஒரு டம்ளர் தண்ணீர். ஓட்டும்போது எல்லாத் துளைகளிலும் ரப்பர் அடைப்பான் போட்டுவிடுங்கள். ட்ராப் இல்லையென்றால் ஹோஸை ஓரிடத்தில் கீழே தாழ்த்தி மறுபடி ஏற்றி, கிளிப் போட்டு நிறுத்தினால் அதுவே ட்ராப் ஆகும். தாழ்வான பகுதியில் நிற்கும் தண்ணீர் 50 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்கட்டும். இடமே இல்லாத ஷவருக்கு ஹெப்வோ என்ற வால்வு நல்லது. உள்ளே மென்மையான சவ்வு இருக்கும். தண்ணீர் போகும்போது திறந்து, நின்றதும் தானே ஒட்டிக்கொள்ளும். 32, 40 மில்லிமீட்டர் அளவுகளில் வருகிறது, படுக்கவைத்தும் பொருத்தலாம். அம்புக்குறி ஓடும் திசையைக் காட்ட வேண்டும். அதன் வழியாகக் கொதிநீரோ அடைப்பு நீக்கும் காரமோ ஊற்றக் கூடாது.

நம் வீட்டாருக்கு மட்டும் ஒரு வார்த்தை. சமையல் சிங்கும் ஷவரும் பல கேரவன்களில் ஒரே ஹோஸில் சேர்கின்றன. ஆட்டுக்கறிக் குழம்பும் பீன்ஸ் கறியும் வைத்த பாத்திரத்தைச் சிங்கில் கழுவினால், எண்ணெயும் மசாலாவும் ஹோஸின் வளையங்களுக்குள் உட்கார்ந்துகொள்ளும். டர்பன் கோடை வெப்பத்தில் இரண்டே நாளில் அழுகி, ஷவர் துளை வழியாக வெளியே வரும். டாய்லெட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். தப்பு குழம்புச் சட்டியில். கழுவும்முன் சட்டியையும் தட்டுகளையும் காகிதத்தால் துடைத்து, அந்தக் காகிதத்தைக் குப்பையில் போடுங்கள்.

ஏற்கெனவே படிந்திருந்தால்: ஹோஸின் வெளி முனையை அடைத்து, கை பொறுக்கும் சூட்டில் பத்து லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரச் சோப்பும் 50 கிராம் சோடா உப்பும் கரைத்து ஊற்றி, ஒரு இரவு விடுங்கள். கழிவுநீர்த் தொட்டி உள்ள வண்டியென்றால் அந்தத் தண்ணீரோடு இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, வடிக்க வேண்டிய இடத்தில் வடியுங்கள்; குலுங்கும் நீர் நன்றாகத் தேய்க்கும். கொதிநீர் வேண்டாம், மெல்லிய ஹோஸ் சுருங்கி இணைப்பிலிருந்து கழன்றுவிடும். அப்படியும் போகாவிட்டால் ஹோஸையே மாற்றுங்கள். உட்புறம் வழவழப்பாக உள்ளதாகப் பார்த்து, மீட்டருக்கு 20 மில்லிமீட்டர் சரிவு வைத்துப் போட்டால் திரும்பப் படியாது.

கேரவன் பார்க்கில் சாக்கடை வாய் பக்கத்திலேயே இருந்தால் ஹோஸ் முனையை அதற்குள் ஆழமாகத் திணிக்காதீர்கள். பார்க்கின் மொத்தச் சாக்கடைக் காற்றும் உங்கள் ஷவருக்கு வரும். வாய்க்கு மேல் சற்று உயரத்தில் நிற்கட்டும். வாளி வைத்திருந்தால் தினமும் காலி செய்யுங்கள்.

கழிவுத் தொட்டி உள்ள மோட்டார்ஹோம்

தானே ஓடும் இந்த வீட்டு வண்டியில் கவனிக்க வேண்டியவை குறைவு. கிண்ணத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு, மட்டத்தை டேப்பால் குறியுங்கள். ஒரு மணி நேரத்தில் இறங்கினால் கிண்ணத்தின் சீல் போய்விட்டது. காலி செய்த தொட்டியில் உடனே ஐந்து லிட்டராவது தண்ணீர் விடுங்கள். வெளி வால்வை மூடியே வைத்து, மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய பிறகே திறக்க வேண்டும். திறந்தே வைத்தால் திரவம் ஓடிவிட்டு, கெட்டியானது மட்டும் குவிந்து நாறும்.

கூரைக்குப் போகும் வென்ட் பைப்பின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். குளவிக் கூடும் காய்ந்த இலையும்தான் அதிகம். கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். மண் சாலையில் நெடுந்தூரம் ஓட்டிய பிறகு இந்தப் பைப் தொட்டியோடு சேரும் இடத்திலோ அலமாரிக்குள்ளோ விட்டுப்போவது சகஜம். அப்போது அலமாரிக் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடிக்கும். மறுபடி சேர்த்து பிவிசி பசை போட்டு, ஆடாமல் கிளிப் வையுங்கள்.

கூரை ஃபேன் இழுக்கும் நாற்றம்

ஜன்னல்களை மூடிவிட்டுக் கூரை ஃபேனை ஓட்டினால் வெளியே போகும் காற்றுக்கு ஈடாகக் காற்று எங்கிருந்தாவது வர வேண்டும். எளிதான வழி சாக்கடைத் துளைதான். ட்ராப்பில் உள்ள கொஞ்சத் தண்ணீரையும் தாண்டி உறிஞ்சும். ஓடும்போது கூரை ஜன்னலான ஹேட்ச் திறந்திருந்தாலும் இதே கதி. எனவே ஃபேனுக்கு முன் எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலைத் திறப்பதும், ஃப்ளஷ் செய்யும் நேரத்தில் ஃபேனை நிறுத்துவதும் பழக்கமாகட்டும். சோதிக்க ஒரு மெல்லிய டிஷ்யூ கீற்றைத் துளைக்கு மேல் பிடியுங்கள். மேலே பறந்தால் காற்று அந்த வழியாகத்தான் வருகிறது. ஊதுபத்திப் புகையை வைத்தும் பார்க்கலாம் என்பார்கள். தீயும் சாக்கடை வாயுவும் ஒரே இடத்தில் வேண்டாம்.

உயரத்தையும் சொல்ல வேண்டும். டர்பனில் இறுக்கி மூடிய காசெட்டோடு என்-3 நெடுஞ்சாலை வழியாக ஜோகன்னஸ்பர்க் ஏறினால், 1,700 மீட்டருக்கு மேல் வந்திருப்பீர்கள். வெளிக் காற்றழுத்தம் அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காசெட்டின் காற்றுவழி அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் தேங்கி, பிளேடைத் திறந்ததும் நாற்றமும் சில நேரம் திரவமும் மேலே தெறிக்கும். காலி காசெட்டோடு புறப்படுவது நல்லது. இல்லையென்றால் போய்ச் சேர்ந்ததும் காசெட்டை வெளியே எடுத்து நிமிர்த்தி வைத்து, ஊற்றும் குழாயை முகத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, மூடியை மெல்லத் தளர்த்துங்கள்.

மருந்து எவ்வளவு, எப்போது

சீலும் ட்ராப்பும் சரியான பிறகுதான் மருந்துக்கு வேலை. காலிக் காசெட்டில் முதலில் இரண்டு லிட்டர் தண்ணீர், பிறகு லேபிளில் சொன்ன அளவு மருந்து. அடர்த்தியானதற்கும் சாதாரணமானதற்கும் அளவு இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடும் என்பதால் பாட்டிலைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். நான்கைந்து நாள் தாங்கும் என்று எழுதியிருந்தாலும் கோடையில் இரண்டு மூன்று நாளில் காலி செய்துவிடுங்கள். பார்க் செப்டிக் டாங்கில் ஓடுகிறது என்றால் பச்சை வகை மருந்தே போடுங்கள். நீல வகையில் பல, அங்கே வேலை செய்யும் பாக்டீரியாவைக் கொல்லும். எங்கே ஊற்றுவது என்று அலுவலகத்தில் கேளுங்கள். மழைநீர்க் கால்வாயிலோ புதரிலோ ஊற்றுவது அடுத்து அங்கே விளையாடப்போகும் பிள்ளைகளுக்குச் செய்யும் கேடு.

ஊருக்குத் திரும்பியதும் காசெட்டை ஐந்து லிட்டர் தண்ணீர் விட்டுக் குலுக்கி இரண்டு முறை கழுவி, நிழலில் முழுவதும் உலர்த்துங்கள். சீலுக்குச் சிலிகான் தடவி, பிளேடைத் திறந்தபடியும் மூடியைத் தளர்த்தியும் வையுங்கள். மூடிய பிளேடு மாதக்கணக்கில் அழுத்தினால் ரப்பர் தட்டையாகிவிடும். தண்ணீர் ட்ராப் உள்ள ஒவ்வொரு துளையிலும் ஒரு டம்ளர் தண்ணீரும் அதன் மேல் இரண்டு மேசைக்கரண்டி பேபி ஆயிலும் விட்டால் நீர் வற்றுவது தாமதமாகும். ஹெப்வோ வால்வு உள்ள துளையில் எண்ணெய் விட வேண்டாம்.